தீபாவளியிலிருந்து வடியாத இமைத் தடிப்பு, பீரோவில் ஒரு பழைய ஃபைல். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

கும்பகோணம்_மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், தெரிந்தவர்கள் பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

என் மாமியாருக்கு 63 வயது. தீபாவளிக்கு முன்னாலிருந்தே வலது கண்ணின் மேல் இமை தடிப்பாக இருக்கிறது. ஆரம்பத்தில் காலையில் வீங்கியிருந்து மத்தியானத்துக்குள் வடிந்துவிடும், தூக்கம் போதவில்லை, உடம்புச் சூடு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். பொங்கலும் போய்விட்டது, இப்போது நாள் முழுக்க அப்படியே இருக்கிறது. வலி கிடையாது, அரிப்பு கிடையாது, பீளை தள்ளவில்லை, சிவப்பும் பெரிதாக இல்லை. சொட்டு மருந்து விடுவது நான்தான் என்பதால் இரண்டு இமையையும் தூக்கிப் பிடித்த பழக்கம் இருக்கிறது. இடது இமை விரல் பட்டதும் மேலே போகிறது. வலது இமை அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. உருண்டையாக எதுவும் தட்டுப்படவில்லை, இமை முழுக்கவே தடிப்பு.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். கண் கட்டி என்று சொல்லிக் களிம்பு கொடுத்து வெந்நீர் ஒத்தடம் வைக்கச் சொன்னார்கள். குறையவில்லை என்றதும் மரத்துப்போக ஊசி போட்டுக் கீறினார்கள். சீழோ சரக்கோ வரவில்லை, ரத்தம்தான் வந்தது. "உள்ளே கெட்டியா இருக்கு, போகப் போகக் கரைஞ்சிடும்" என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். டெஸ்டுக்கு ஏதாவது அனுப்பினீர்களா என்று கேட்டதற்கு, "கண் கட்டிக்கெல்லாம் எதுக்கும்மா டெஸ்ட்" என்று பதில்.

நான் கேட்க வந்ததே இனிமேல்தான். போன வாரம் பீரோவில் பட்டா நகல் தேடும்போது ஒரு பழைய ஃபைல் கையில் சிக்கியது. அத்தைக்கு 2016-இல் இடது மார்பகத்தை எடுத்திருக்கிறார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது 'அத்தைக்கு ஒரு ஆபரேஷன் ஆச்சு' என்று மட்டும்தான் சொன்னார்கள், கர்ப்பப்பை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டில் 'இன்வேசிவ் லோபுலர் கார்சினோமா' என்று இருக்கிறது. ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகளாம்) பாசிட்டிவ், ஹெர்2 (ஒரு வளர்ச்சிப் புரதமாம்) நெகட்டிவ். கீமோ முடித்து 5 வருஷம் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அப்போது நாத்தனாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், அம்மாவுக்குக் கேன்சர் என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை, அதுவே பழகிவிட்டது. கண் கிளினிக்கிலும் சுகர், பிபி மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் கேட்டால், "அது முடிஞ்சுபோன கதை, மார்புக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம், அம்மா காதில் போட்டுவிடாதே" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து அந்த நோய் இமைக்கு வருமா? வந்தால் எப்படித் தெரியும்? யாரிடம் போவது?

கடைமடைக்காரன்:

சகோதரி, இணையத்தில் தேடினால் தலைவலிக்குக்கூடக் கேன்சர் என்றுதான் வரும். எங்கள் அப்பாவுக்கு இதே மாதிரி இமையில் வந்தது, நாமக்கட்டியை இழைத்துப் பத்துப் போட்டோம், ராத்திரி நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டினோம், ஒரு வாரத்தில் உடைந்து போய்விட்டது. வயதானவர்களுக்குச் சூடு அதிகமானால் வரும். வாரம் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள். பெரியவரைப் போட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைக்கழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இமை_வைத்தியம்:

கண் மருத்துவமனை ஒன்றில் இமை, கண்குழி அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. கீறியும் சரக்கு வராதது ஒன்று, உருண்டை இல்லாமல் இமை முழுக்க விறைத்திருப்பது இன்னொன்று, அந்த ஃபைலில் இருக்கும் 'லோபுலர்' என்ற வார்த்தை மூன்றாவது.

கேட்டதற்கு நேர் பதில், வரும். அபூர்வம்தான். இமையில் வரும் புற்றுநோய்களில் வேறு உறுப்பிலிருந்து பரவி வந்தவை 100-க்கு 1 கூட இருக்காது. ஆனால் அந்தக் கொஞ்சத்தில் மார்பகத்துக்குத்தான் முதலிடம். அதற்கப்புறம் நுரையீரல், தோலின் மெலனோமா (நிறமிச் செல் புற்றுநோய்), வயிறு குடல், சிறுநீரகம், தைராய்டு, புராஸ்டேட் என்று போகும். கண் பகுதிக்குப் பரவும் நோய் பெரும்பாலும் உள்ளே விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலத்தில் போய்த்தான் உட்காரும், அப்போது பார்வை மங்கும், ஆளுக்குத் தெரிந்துவிடும். இமைக்கு வருவது அதைவிடக் குறைவு, வலியும் இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை.

சாதாரணக் கண் கட்டி எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால்தான் இது ஏன் ஒத்துவரவில்லை என்று புரியும். இமைக்குள் மைபோமியன் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன, மேல் இமையில் 30, 40, கீழ் இமையில் 20, 30. ஒன்றின் வாய் அடைத்து எண்ணெய் உள்ளே தேங்கினால் அந்த இடத்தில் பட்டாணி அளவுக்கு உருண்டு நிற்கும், சுற்றியுள்ள இமை மெத்தென்றே இருக்கும். ஒத்தடம் கொடுத்தால் சில வாரங்களில் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையாமல் கீறினால் கொழகொழவென்று சரக்கு வரும். உங்கள் அத்தைக்கு இதில் எதுவுமே நடக்கவில்லையே.

இப்போது லோபுலர் விஷயத்துக்கு வருகிறேன். மார்பகப் புற்றுநோயில் அதிகம் வருவது டக்டல் வகை, அதற்கு அடுத்தது லோபுலர். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்று ஒரு புரதம் உண்டு, லோபுலர் வகையில் பெரும்பாலும் அது இருக்காது. அதனால் செல்கள் ஒரே இடத்தில் சேர்ந்து கட்டியாகாமல் தனித்தனியாகப் பிரிந்து, தசைநார்களுக்கு நடுவில் புகுந்து போய்க்கொண்டே இருக்கும். மார்பகத்திலேயே இந்த வகை மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) சட்டென்று தெரியாமல் தப்புவது இதனால்தான். இமையிலும் அப்படித்தான் பரவும். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல், அடியில் கொழுப்பும் கிடையாது, எனவே செல்கள் ஊடுருவ ஊடுருவ வீக்கம் மாதிரி தெரியுமே தவிர கட்டி மாதிரி தெரியாது. சாதாரண நீர் வீக்கம் என்றால் தொட்டால் மெத்தென்று இருக்கும், பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இது விறைப்பாக, ஒரே பக்கமாக, ஏறிக்கொண்டே போகும்.

எல்லாருக்கும் இதே உருவத்தில் வரும் என்று நினைக்க வேண்டாம். சிலருக்கு வலியில்லாத ஒற்றை முடிச்சாக வரும், சிலருக்குப் புண்ணாகி ஆறாமல் நிற்கும். மெலனோமா என்றால் கருமையாகவோ நீலமாகவோ தெரியலாம். சிறுநீரகத்திலிருந்து வருவது சிவந்து, லேசாகப் பட்டாலே ரத்தம் கசியும் விதமாக இருக்கலாம். வெளித்தோற்றத்தை வைத்து யாராலும், நான் உட்பட, உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகப்படத்தான் முடியும்.

வருஷக் கணக்குக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஈஆர் பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகை, 10, 15 வருஷம் கழித்தும் திரும்ப வருவதுண்டு. 5 வருஷம் தாண்டிவிட்டால் கதை முடிந்தது என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது, உங்கள் வீட்டுக்காரரிடம் இதை மட்டும் எப்படியாவது சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, அந்த ஃபைல் உங்கள் கையில் கிடைத்திருக்காவிட்டாலும் நான் பயாப்சிதான் (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) சொல்லியிருப்பேன். காரணம் செபேஷியஸ் சுரப்பிப் புற்றுநோய், அதாவது இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வருவது. மேலைநாடுகளில் இமைப் புற்றுநோய் என்றால் பத்தில் எட்டு ஒன்பது, தோலின் அடி அடுக்கில் தொடங்கும் பேசல் செல் வகை. நம் நாட்டில் அப்படியில்லை, செபேஷியஸ் வகை இங்கே பெரிய பங்கு. அதுவும் வயதானவர்களுக்கு, பெரும்பாலும் மேல் இமையில், கண் கட்டி மாதிரியே வந்து, கீறினால் அதே இடத்தில் மறுபடி முளைத்து, இமை முடியை உதிர்த்துக்கொண்டு வளரும். நடுத்தர வயதைத் தாண்டியவருக்கு மறுபடி வரும் கட்டி, விறைப்பான கட்டி என்றால் கீறி எடுத்ததைக் குப்பையில் போடக்கூடாது, மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் பேத்தாலஜி லேபுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பிரிவில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது, ஆனால் வெளியே பல இடங்களில் நடப்பதில்லை என்பது எனக்கும் எரிச்சல்தான்.

போக வேண்டிய இடம் ஆக்குலோபிளாஸ்டி (இமை, கண்குழி அறுவை சிகிச்சை) பிரிவு இருக்கும் கண் மருத்துவமனை. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, இப்படிப் பெரிய இடங்களில் உண்டு. மார்புக்கு வைத்தியம் பார்த்த ஆங்காலஜிஸ்டுக்கும் (புற்றுநோய் டாக்டர்) தகவல் போகட்டும். அதுவரை மறுபடி கீற விடாதீர்கள், இமையில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது வீக்கத்தைக் கொஞ்ச நாள் அமுக்கிக் காட்டி நாளைக் கடத்திவிடும்.

சில கேள்விகள். இமை முடி உதிர்ந்திருக்கிறதா? பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றனவா? வலது கண் முன்னைவிடச் சின்னதாக, உள்ளே போன மாதிரி தெரிகிறதா? காதுக்கு முன்னாலோ கழுத்திலோ நெறி கட்டியிருக்கிறதா? வேறு எங்காவது வலி?

கடைமடைக்காரன்: உங்கள் அப்பாவுக்கு ஒரு வாரத்தில் உடைந்து ஆறியது என்றால் அது கட்டியேதான், நாமக்கட்டி போடாவிட்டாலும் உடைந்திருக்கும். இமைமேல் கண்டதை அரைத்துப் பூசினால் கருவிழிக்குள் துகள் போகும், அதனால் புண்ணாகி வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

கும்பகோணம்_மருமகள்:

டாக்டர், ரொம்ப நன்றி. படித்ததும் கை நடுங்கிவிட்டது. நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். இமை முடி நடுவில் கொஞ்சம் அடர்த்தி குறைந்திருக்கிறது, முழுசாக உதிரவில்லை. இரண்டாகத் தெரிவதில்லை என்கிறார், ஆனால் மேலே பார்க்கும்போது இழுக்கிறதாம். கண் உள்ளே போன மாதிரி இருக்கிறதா என்று கேட்டீர்களே, நாத்தனார் கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துப் பார்த்தோம், வலது கண் நிஜமாகவே சின்னதாகத்தான் தெரிகிறது. நெறி கட்டவில்லை. இடுப்பு வலி இருக்கிறது, வயதுக்கு எல்லாருக்கும் இருப்பதுதான் என்று விட்டிருந்தோம்.

ஆல்பத்தைப் பார்த்தபிறகு வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார், மதுரைக்குப் போகலாம் என்கிறார். இப்போது பிரச்சினை என்னவென்றால், அத்தை முன்னால் டாக்டரிடம் பழைய நோயைப் பற்றி எப்படிச் சொல்வது? அந்த வார்த்தையை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

வந்தவாசிக்காரர்:

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடுத்து, மேலே ஒரு தாளில் நாலே வரியில் எந்த வருஷம், எந்தப் பக்கம், என்ன வகை, என்ன மாத்திரை என்று எழுதி, உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே நர்ஸ் கையில் கொடுத்துவிடுங்கள். டாக்டர் படித்துவிட்டுத்தான் கூப்பிடுவார். பேஷண்ட் முன்னால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவராகவே மெதுவாகக் கேட்டுக்கொள்வார். எங்கள் அக்கா வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, கதை தலைகீழ். அவருக்கு முன்னால் எந்த நோயும் கிடையாது. இடது கீழ் இமையில் சிவப்பாக ஒரு முடிச்சு, நடுவில் பொருக்குத் தட்டியிருக்கும், முகம் கழுவும்போது பொருக்கு வந்தால் ரத்தம் கசியும். ஷேவிங் பண்ணும்போது கண்ணாடியில் பார்த்துவிட்டு "இன்னிக்குக் கொஞ்சம் பெருசாயிருக்கு இல்ல?" என்று அக்காவிடம் கேட்பார். ஓரிடத்தில் கட்டி என்று கீறினார்கள், மறுபடி வந்தது. அடுத்துப் போன இடத்தில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா, இமையைப் பார்த்துக்கொண்டே "எவ்வளவு நாளா இருமுறீங்க?" என்று கேட்டார். நாங்கள் யாரும் இருமலைக் கவனித்ததே இல்லை, மில்லில் பஞ்சுத் தூசு, எல்லாருக்கும் இருக்கும் இருமல் என்று நினைத்திருந்தோம். அன்றைக்கே மார்பு எக்ஸ்ரே, அப்புறம் இமையில் பயாப்சி. நுரையீரல் அடினோகார்சினோமா, ஒரு வகை நுரையீரல் புற்றுநோய். பீடி சிகரெட் தொடாத மனிதர்.

அந்தத் துணுக்கிலேயே ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவுக்கான டெஸ்டும் பார்த்தார்கள், அதில் மாற்றம் இருந்தது, அதைக் குறிவைக்கும் ஜெஃபிட்டினிப் மாத்திரை ஆரம்பித்தார்கள். சில வாரங்களில் இமை முடிச்சு சுருங்கித் தட்டையாகிவிட்டது. நோய் போய்விட்டது என்று சொல்ல வரவில்லை, அது நாலாம் நிலை, ஆனால் அவர் அதற்கப்புறம் மகள் கல்யாணத்தை நடத்தினார், வேலைக்குப் போனார். இமையில் வந்துவிட்டது என்றாலே இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடும் ஆட்கள் இருக்கிறார்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மறைக்கிற விஷயத்தில் உங்கள் வீட்டை மட்டும் குறை சொல்ல முடியாது தங்கச்சி, எங்கள் ஊரிலும் இதே கதைதான். பெண் எடுப்பவர்களுக்குத் தெரிய வேண்டாம், சரி. டாக்டருக்கும் தெரிய வேண்டாம் என்றால் அவர் என்ன ஜோசியமா பார்ப்பார்?

மைக்ராஸ்கோப்_அக்கா:

நான் ஹிஸ்டோபேத்தாலஜி லேபில், அதாவது சதைத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் லேபில், டெக்னீஷியன். பயாப்சி எடுத்தபிறகு எங்கள் பக்கம் நடப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இமையிலிருந்து வரும் துணுக்கு அரிசி அளவுதான் இருக்கும். அதை 10 சதவீத ஃபார்மலினில் போட்டு அனுப்ப வேண்டும். சலைன் பாட்டிலில் மிதக்கவிட்டு அனுப்புகிறார்கள், ஈரப் பஞ்சில் சுற்றி அனுப்புகிறார்கள், எங்களிடம் வந்து சேர்வதற்குள் செல்லெல்லாம் கெட்டுப்போயிருக்கும், மறுபடி குத்தித்தான் எடுக்க வேண்டும். பெரிய மருத்துவமனை என்றால் இந்தக் கவலை இல்லை. சின்ன இடத்தில் எடுத்து நீங்களே கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரி இருந்தால் பாட்டிலில் இருப்பது ஃபார்மலினா என்று தைரியமாகக் கேளுங்கள். மூக்கை உறுத்தும் நெடி அடிக்கும்.

அடுத்தது கூட வரும் ஃபார்ம். 'இமைக் கட்டி' என்று இரண்டு வார்த்தை மட்டும் எழுதி வந்தால் பேத்தாலஜிஸ்ட் இமைக் கட்டியாகவே பார்ப்பார். லோபுலர் வகை ஸ்லைடை நான் பார்த்திருக்கிறேன். செல்கள் சின்னதாக, சாதுவாக இருக்கும், தசைநாருக்கு நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் நிற்கும். புற்றுநோய்ச் செல் என்றாலே கண்டபடி உருவம் மாறி, கரு பெரிதாகி இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம் இல்லையா, இது அப்படி இருக்காது. இமைக்கு வரும்போது சில நேரம் அழற்சியில் வரும் ஹிஸ்டியோசைட் செல் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும், 'நாள்பட்ட அழற்சி' என்று ரிப்போர்ட் போய்விடுகிற அபாயம் உண்டு. ஃபார்மில் 'இடது மார்பகம், லோபுலர், 2016' என்று ஒரு வரி இருந்தால் போதும், உடனே சைட்டோகெரட்டின் என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். அழற்சிச் செல் என்றால் சாயம் ஏறாது. மார்பகத்திலிருந்து வந்ததென்றால் பழுப்பு நிறத்தில் அந்த வரிசை அப்படியே பளிச்சென்று தெரியும். அதற்கப்புறம் ஈஆர், பிஆர், ஹெர்2, மார்பகச் செல்லில் ஏறும் கேட்டா3 சாயங்கள். வந்தவாசி அண்ணன் சொன்ன நுரையீரல் கேஸ் மாதிரி என்றால் டிடிஎஃப்1 என்ற சாயம் போடுவார்கள், தைராய்டுக்கும் அது ஏறும் என்பதால் வேறு சாயமும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

2016-இல் ஆபரேஷன் செய்த இடத்தில் அந்தக் கட்டியின் மெழுகு பிளாக் (மெழுகில் பதித்து வைத்த துணுக்கு) இன்னும் இருக்க வாய்ப்பிருக்கிறது. பேத்தாலஜி எண் பழைய ரிப்போர்ட்டின் மேலேயே இருக்கும், அதைக் காட்டி எழுதிக் கொடுத்தால் பிளாக்கோ ஸ்லைடோ தருவார்கள். பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மாதிரி உறுதி வேறெதிலும் கிடையாது. ஆனால் பழைய ஈஆர் பாசிட்டிவை வைத்து மருந்து கொடுக்கச் சொல்லாதீர்கள், பரவிய இடத்தில் அது மாறியிருக்கலாம், புதிதாகப் பார்க்க வேண்டும்.

இரவுஷிஃப்ட்:

இதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. எனக்கு 29 வயது, ஐடி வேலை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை கண் கட்டி வரும், ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே, கண் மாற்றிக் கண் வரும், தானாகப் போய்விடும். நானும் பயாப்சி பண்ண வேண்டுமா?

இமை_வைத்தியம்:

இரவுஷிஃப்ட்: நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். இடம் மாறி மாறி வருகிறது, தானாகப் போகிறது, வயது 29. பெரும்பாலும் இமை விளிம்பில் நாள்பட்ட அழற்சியாக இருக்கும், பொடுகும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை காட்டி இமையைச் சுத்தம் செய்யும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ, அந்த இடத்தில் முடி உதிர்ந்தாலோ அப்போது பேசுவோம்.

மைக்ராஸ்கோப்_அக்கா சொன்ன அழற்சி விஷயத்தோடு ஒன்று சேர்க்கிறேன். தோலை மட்டும் மேலோட்டமாகக் கிள்ளி எடுத்தால் போதாது, இந்த வகை தசையில்தான் படர்ந்திருக்கும், ஆழமாக எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மரத்துப்போக ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், படுத்து எழுந்து வீட்டுக்குப் போகலாம், தையல் போட்டால் ஒரு வாரம் வாக்கில் பிரிப்பார்கள்.

கடைமடைக்காரன்:

டாக்டர் சொன்னது சரிதான், நான் அப்பாவை வைத்துச் சொன்னேன். ஒரு சந்தேகம். ஏற்கெனவே கேன்சர் வைத்தியம் பார்த்தவர்களுக்கு இமை வீங்கினாலே பரவல் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா? எங்கள் சித்திக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டு கண்ணும் பொதபொதவென்று இருக்கிறது.

இமை_வைத்தியம்:

இல்லை. இமாட்டினிப் மாதிரி சில மாத்திரைகளுக்குக் கண்ணைச் சுற்றி நீர் கோப்பது சகஜம். டோசிடாக்செல் கீமோவில் கண்ணீர்ப் பாதை சுருங்கி ஓயாமல் நீர் வடியும். இரண்டு பக்கமும், மெத்தென்று, மருந்து ஆரம்பித்தபிறகு வந்தது என்றால் முதலில் மருந்தையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்க்க வேண்டும். சித்தியின் டாக்டரிடம் மாத்திரைப் பெயரோடு சொல்லுங்கள், அவராக நிறுத்திவிட வேண்டாம்.

கும்பகோணம்_மருமகள்:

எல்லாருக்கும் தகவல் சொல்லிவிடுகிறேன். வந்தவாசி அண்ணன் சொன்ன மாதிரியே தாளை நர்ஸிடம் கொடுத்தோம். டாக்டர் அத்தையின் இமையைத் திருப்பிப் பார்க்க முயன்றார், திரும்பவே இல்லை. பிறகு ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, மார்பில் ஒரு ஆபரேஷன் ஆகியிருக்கு இல்ல, அந்தப் பக்கம் கை வலியெல்லாம் இருக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அத்தை எழுந்து போகவில்லை. கை வீங்குவது, ஜாக்கெட்டுக்குள் துணி வைப்பது, எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார், என் வீட்டுக்காரர் வெளியே போய் நின்றுகொண்டார். எங்கள் யாருக்கும் தெரியாத விஷயங்கள் அவை.

பயாப்சி ரிசல்ட் வந்துவிட்டது. மார்பகத்திலிருந்து வந்ததுதான், லோபுலர், ஈஆர் இன்னும் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். எம்ஆர்ஐயில் இமையோடு நிற்காமல் கண்ணுக்குப் பின்னாலும் கொஞ்சம் போயிருக்கிறது, அது நார்நாராகச் சுருங்கிக் கண்ணை உள்ளே இழுத்ததால்தான் கண் சின்னதாகத் தெரிந்ததாம். பார்வைக்கு இப்போது ஆபத்தில்லை. பெட் ஸ்கேனில் இடுப்பெலும்பில் இரண்டு இடம். ஆனால் இமையில் பெரிதாக எதுவும் ஒளிரவில்லை, அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. ஆங்காலஜிஸ்ட் லெட்ரோசோலோடு பால்போசிக்லிப் என்ற மாத்திரை சொல்லியிருக்கிறார், எலும்புக்கு ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி. இமையை ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டாம் என்கிறார். எடுத்துவிட்டால் நல்லதுதானே என்று வீட்டில் கேட்கிறார்கள். மாத்திரை விலையை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

மைக்ராஸ்கோப்_அக்கா:

பெட் ஸ்கேன் ஒளிராததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்மா. சர்க்கரையை உறிஞ்சும் செல்கள்தான் அதில் ஒளிரும், லோபுலர் வகை பொதுவாகவே அதைக் குறைவாகத்தான் உறிஞ்சும். ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது, பயாப்சி சொன்னதே முடிவு.

மாத்திரை விலை முன்பு மாதிரி இல்லை. பால்போசிக்லிப்புக்கு இந்தியாவில் 2023-இல் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் போட ஆரம்பித்துவிட்டன, விலை நன்றாக இறங்கியிருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருக்கும், ஆங்காலஜிஸ்டிடமே எது பரவாயில்லை என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையில் அதற்கென்று இருக்கும் கவுன்ட்டரில் எது எதற்குச் செல்லும் என்று விசாரித்துவிடுங்கள்.

இமை_வைத்தியம்:

ஆங்காலஜிஸ்ட் சொன்னதுதான் சரி. நோய் ரத்தத்தின் வழியாக வந்திருக்கிறது, இமை அதில் வெளியே தெரிந்த ஓர் இடம், அவ்வளவுதான். இமையை வெட்டி எடுத்தால் கண்ணை மூட முடியாமல் கருவிழி காய்ந்து புண்ணாகும், இடுப்பெலும்பில் இருப்பது அப்படியே இருக்கும். மாத்திரைக்கு இமை இளகுகிறதா என்று பார்ப்பார்கள். இளகாவிட்டாலோ பார்வை நரம்பை அழுத்தினாலோ அந்த இடத்துக்கு ரேடியேஷன் கொடுக்கலாம், அது கையிருப்பில் இருக்கட்டும்.

ஜோலெட்ரானிக் ஊசிக்கு முன்னால் பல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் இப்போதே பிடுங்கிவிட வேண்டும், ஊசி ஆரம்பித்தபிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். பால்போசிக்லிப்புக்கு ரத்தத்தில் வெள்ளையணு குறையும், ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்வார்கள், தவறவிடாதீர்கள், இடையில் காய்ச்சல் வந்தால் உடனே போன் செய்யுங்கள். ராத்திரியில் அத்தையின் இமை முழுசாக மூடுகிறதா என்று தூங்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். இடைவெளி இருந்தால் படுக்கும்போது ஜெல் போட வேண்டும், பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனை இரண்டு கண்ணுக்கும் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள், ஆகவில்லை என்றால் அடுத்த தடவை போகும்போது செய்துகொள்ளுங்கள், கோராய்டில் ஏதும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

உங்கள் நாத்தனாரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்பது அவர் டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விவரம், மேமோகிராம் எப்போது தொடங்குவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.